பெட்டிக்குள் இருந்த பம்பை

ரிதம் பேடு வாசிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கு,

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே பல வருஷங்கள் ஓடிவிட்டன. பேப்பரை எடுப்பேன். விளக்கேற்றிவிட்டு வந்து எழுதலாம் என்று எழுந்திருப்பேன். விளக்கேற்றிக் கும்பிட்டதும், இதையெல்லாம் வெளியே சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு பயம் வரும். அப்புறம் பேப்பர் அப்படியே கிடக்கும். நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். என் வீட்டுக்காரி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "எழுதுனா எழுதுங்க, இல்லாட்டி உடுங்க. இப்டி நடந்து நடந்து தரையத் தேய்க்காதீங்க" என்பாள்.

பயம் ஒன்றல்ல, இரண்டு. பக்தி உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய ஆளாக்கிவிடுவார்கள். பக்தி இல்லாதவர்கள் படித்துவிட்டு ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் பாவம் எனக்குத்தான். மேலும் நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குச்சியை எப்படிப் பிடிப்பது, எந்த ஒயரை எங்கே சொருகுவது என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்லப்போவது அடி அண்ணாமலை என்கிற ஊரில் ஒரு மதியத்தைப் பற்றி. ஆனால் அதற்கு முந்தி நடந்த ஒரு கூத்தைச் சொல்லாவிட்டால் அந்த மதியம் உங்களுக்கு விளங்காது.

மாவட்டம் பிரிந்து, டவுனை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் அரசாங்க ஆபீஸ்கள் வந்த பிறகு எங்கள் பாட்டுக் கச்சேரிக்கு விழாக்கள் ஜாஸ்தியாயின. பிரிவு உபசாரம், சங்க ஆண்டு விழா என்று எதற்கெடுத்தாலும் கூப்பிடுவார்கள். அப்போதுதான் நான் தோல் வாத்தியத்தை விட்டு இந்த பேடுக்கு வந்திருந்தேன். ஒரு தட்டு மாதிரி பெட்டி, அதன்மேல் கட்டம் கட்டமாக ரப்பர். குச்சியால் எந்தக் கட்டத்தைத் தட்டுகிறோமோ அதற்கென்று வைத்த சத்தம் ஸ்பீக்கரில் வரும். தபேலா வேண்டுமென்றால் தபேலா, உடுக்கை வேண்டுமென்றால் உடுக்கை. ஊரில் அப்போது புதுசு. பிள்ளைகள் மேடையைச் சுற்றி நின்று, "உள்ள ஆள் இருக்குதா?" என்று கேட்பார்கள்.

அப்படி ஒரு ஆபீஸ் விழா. கச்சேரிக்கு நடுவில், அந்த வருஷம் இறந்துபோன ஒரு அலுவலருக்காக எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன். முன்னால் வாசித்த நகைச்சுவைப் பாட்டுக்காக பேடின் ஒரு கட்டத்தில் கண்ணாடி உடைகிற சத்தத்தை வைத்திருந்தேன், அதை மாற்றவில்லை. மேடை பலகை மேடை. யாரோ ஒருவர் மாலையோடு ஏறிவந்தார். அவர் கால் வைத்த அதிர்ச்சி பலகை வழியாக ஸ்டாண்டில் ஏறியது. நான் தொடவே இல்லை. "சலீர்!" என்றது ஸ்பீக்கர்.

"யாருப்பா கிளாச ஒடச்சது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மாலைக்காரர் பயந்து ஒரு எட்டு பின்னால் வைத்தார். மறுபடியும் "சலீர்!"

அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது எங்கள் மாஸ்டர், கச்சேரியை நடத்துகிறவர், சொன்னார்: "செத்தவரே திரும்பிப் பாத்திருப்பாருய்யா." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல்கூட பேடைத் திறந்து உட்கார்ந்தேன். மெல்லப் பட்டால் சத்தமே வரக்கூடாது. அடித்தால் மட்டும் வரவேண்டும், அதுவும் எப்படி அடித்தாலும் ஒரே அளவாக, முழுசாக வரவேண்டும். அப்படி மாற்றி வைத்தேன். திறந்தவெளிக் கச்சேரிக்கு அது இன்னும் தோதாக இருந்தது. ஒரு அடிகூட வீணாகவில்லை. எல்லாரும் "என்னா கணீர்னு இருக்குது" என்றார்கள். அந்தக் கணீரில் நான் எதை இழந்தேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி அந்த மதியம்.

ஆடி மாசம். அடி அண்ணாமலையில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள், அன்றே பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. பொழுது சாய்ந்தால் கிரிவலக் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு வரும், பாதை ஓரம் மேடை போட்டு வைத்திருக்க போலீஸ் விடாது. அதனால் கச்சேரியை மதியத்திலேயே வைத்தார்கள். சாப்பிட்ட கையோடு போய் இறங்கினோம். கோயிலுக்கு எதிரே காலி தார் டிரம்களின் மேல் பலகை போட்ட மேடை. பக்கத்தில் வேப்பமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் மூன்று பெரிய அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

முறைப்படி முதலில் பம்பைக்காரர்கள் அடித்து அம்மனை அழைக்க வேண்டும். குளத்தங்கரையிலிருந்து பூசாரி கரகம் தூக்கி வருவார், அவர் மேல் சாமி வரும். கூழை அம்மனுக்குப் படைத்த பிறகு, அதே பம்பைக்காரர்கள் வேறு அடி அடித்துச் சாமியை மலையேற்றி அனுப்புவார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் கச்சேரி. அன்று பம்பைக்காரர்கள் வரவில்லை. ஆடி மாசத்தில் அவர்களுக்கு ஊருக்கு ஊர் வேலை. வேறு ஊரில் மாட்டிக்கொண்டார்கள் என்று மொபெட்டில் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் தர்மகர்த்தா நேராக மேடைக்கு வந்தார்.

"வாத்தியாரே, உங்க பெட்டிக்குள்ள பம்பை இருக்குதாமே?"

"சத்தம் இருக்குதுங்க."

"அப்புறம் இன்னா? நீயே அடிச்சுடு. கரகம் ரெடியா நிக்குது."

"ஐயா, இது பாட்டுக்கு அடிக்கறதுங்க. நான் சாமிக்கு அடிச்சதில்ல."

"பாட்டு மட்டும் இன்னா, அம்மனத்தானே பாடப்போறீங்க? அவளுக்குத் தெரியாதா, வேற வழியில்லாம அடிக்கறோம்னு?"

மாஸ்டர் என் காதருகே, "அடிச்சு உடுப்பா. நேரத்தோட ஆரம்பிக்கலாம். இருட்டுனா மூட்டையக் கட்டச் சொல்லிடுவாங்க" என்றார்.

என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இறங்கிப்போய்க் குழாயில் கை கால் கழுவினேன். கோயில் வாசலில் நின்று, "தாயே, தெரிஞ்சத அடிக்கறேன், தப்பிருந்தா என்னோட போவட்டும்" என்று கும்பிட்டேன். திருநீறு கொண்டுவந்து பேடின் ஓரத்தில் பூசினேன்.

தெரிந்ததை என்று சொன்னேன் அல்லவா? எனக்குத் தெரிந்தது கூப்பிடும் அடி. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அது காதிலேயே ஊறியது. மலையேற்றி அனுப்பும் அடி எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? சின்ன வயசிலிருந்தே, அந்த அடி கேட்க ஆரம்பிக்கும்போது நாங்கள் தூக்குச் சட்டியோடு கூழ் வரிசைக்கு ஓடிவிடுவோம். இதை நான் குச்சியைக் கையில் எடுத்த பிறகுதான் நினைத்தேன். தம்பிகளே, எந்தக் காரியத்தையும் ஆரம்பிக்கும் முன்னால் அதை முடிக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டபோது கரகம் கிளம்பிவிட்டது.

அடித்தேன். ஒரு ரப்பர் கட்டத்தில் பம்பையின் கனத்த முகம், 'கும்' என்று உறுமுவது. பக்கத்துக் கட்டத்தில் மெல்லிய முகம், 'டண்டண்' என்று வெட்டுவது. பெட்டி ஸ்பீக்கரில் அது எந்தப் பம்பையையும்விடப் பெரிதாகக் கேட்டது. பூசாரி கரகத்தோடு வந்தார், அவர் மேல் இன்னும் சாமி வரவில்லை. கூட்டம் குலவை போட்டது. வேகத்தைக் கூட்டினேன்.

பம்பைக்காரர் அடிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? மனுஷக் கை களைக்கும். களைக்கும்போது அடி கொஞ்சம் மெலியும். அந்த மெலிவில் ஆடுகிறவர் ஒரு மூச்சு வாங்கிக்கொள்வார். என் பேடில் மெலிவே கிடையாது. என் கை களைத்ததும் எனக்குத் தெரிந்தது. ஸ்பீக்கருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அடியும் முழுசாக, ஒரே கணீராகப் போய்க்கொண்டே இருந்தது.

வேப்பமரத்தடியில், மேடைக்கு நேர் எதிரே, ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. மேடிட்ட வயிறு. பேர் செல்வி என்று அப்புறம் தெரிந்தது. அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள், புருஷன் ஏழுமலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். சாமி அழைக்கும் இடத்துக்குப் பிள்ளைத்தாச்சியை அந்த ஊரில் அனுப்ப மாட்டார்கள். பம்பை வந்திருந்தால் அவளையும் வீட்டை விட்டு இறங்க விட்டிருக்க மாட்டார்கள். அவளுடைய மாமியார் பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னது: "பம்பைக்காரங்க வரலன்னாங்க, பெட்டிச் சத்தம்தான்னாங்க. அதுக்கு இன்னா வந்துடப் போவுதுன்னு நான்தாம்பா நாற்காலி எடுத்தாந்து போட்டு ஒக்கார வெச்சேன்."

முதலில் அவள் தலை ஆடியது. பாட்டுக்குத் தலையாட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்தாள். ஒரு அலறல். என் ஸ்பீக்கரைத் தாண்டி எனக்கே கேட்டது. கொண்டை அவிழ்ந்தது. அந்த வயிற்றோடு சுற்ற ஆரம்பித்தாள்.

"ஐயோ! வயித்துப்புள்ளக்காரி! புடிங்கடி!" என்று மாமியார் ஓடிவந்தார். நாலைந்து பெண்கள் பிடித்தார்கள். உதறிவிட்டாள். தடுக்கி விழுந்தால் வயிறு தரையில் அடிக்கும். அது எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் இறுக்கிப் பிடிக்கவும் பயந்தார்கள்.

ஏழுமலை மேடைக்குக் கீழே வந்து நின்று கத்தினான். "யோவ், நிறுத்துய்யா! அடிக்காத!"

"நிறுத்தாதடா தம்பி!" மாமியார் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பாதியில நிறுத்துனா எறங்க மாட்டா! அடி! அடி!"

"எம்மா, நீ சும்மா இரு! அவ செத்துருவா!"

"நீ சும்மா இருடா, உனக்கு இன்னா தெரியும்!"

யார் சொல்வதைக் கேட்பது? பெற்றவளும் பிள்ளையும் என் எதிரே நின்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அதன்மேல் ஒட்டியிருந்த சாமி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். எனக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் ஏழுமலை ஜெனரேட்டர் பக்கம் ஓடினான். மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

எல்லாம் அடங்கியது. என் குச்சி மட்டும் பழக்கத்தில் நாலைந்து தரம் ரப்பரில் பட்டது. டொக், டொக். கரண்ட் இல்லாத பேடின் சத்தம் அவ்வளவுதான். சப்பாத்திப் பலகையைத் தட்டுவது போல. தோல் வாத்தியமாக இருந்திருந்தால் கையில் வாத்தியமாவது மிஞ்சியிருக்கும்.

சத்தம் நின்றால் அவளும் நின்றுவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். அவள் நிற்கவில்லை. தாளம் இருந்த வரைக்கும் அவள் ஒரு வட்டத்துக்குள் சுற்றினாள். தாளம் போனதும் வட்டமும் போனது. கால் எங்கெங்கோ போயிற்று. மரத்தில் தோள் மோதியது. அங்கிருந்து தள்ளாடி அடுப்புப் பக்கம் போனாள். மூன்று அண்டாவும் கொதித்துக்கொண்டிருந்தன. கூழ் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் துடுப்பைப் போட்டுவிட்டு, கையை விரித்து வேலி மாதிரி நின்றார்கள்.

"கரண்ட போடுங்க!" என்று மேடையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். மைக் செத்துக் கிடந்தது.

ஜெனரேட்டர் பக்கத்தில் ஏழுமலையும் மைக்செட்காரரும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். "என் பொண்டாட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?" என்று அவன் சுவிட்சை மறைத்துக்கொண்டு அழுதான். மாமியார் ஓடினார். மகன் கன்னத்தில் ஒன்று விட்டார். "போடுடா! எறங்கற வழிய அடைச்சுட்டு நிக்கறியே, போடுடா!"

கரண்ட் வந்தது.

தம்பிகளே, கரண்ட் வந்த உடனே பேடு பேசாது, உங்களுக்குத் தெரியும். விளக்கு எரியும், தன்னைத் தானே சரி பார்த்துக்கொள்ளும், அப்புறம் முதல் சத்தத்தில் வந்து நிற்கும். முதல் சத்தம் வெள்ளைக்காரன் டிரம்ஸ். பம்பைக்குப் போக ஒவ்வொன்றாகப் பொத்தானை அமுக்கிப் போகவேண்டும். அவசரத்தில் என் விரல் ஒரு தடவை பம்பையைத் தாண்டியே போய்விட்டது. திரும்பி வந்தேன். அந்த நேரம் முழுவதும் நான் பொத்தானைப் பார்க்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? பார்வை அடுப்புப் பக்கமே இருந்தது. பழகிய கை தடவித் தடவிப் பம்பையைக் கண்டுபிடித்தது.

'கும்' என்று ஒன்று அடித்தேன்.

அடுப்புக்கு முன்னால் நின்ற செல்வி திரும்பினாள். அடுத்த அடிக்கு ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தேன். கயிறு கட்டி இழுத்த மாதிரி அவள் மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். மறுபடி வட்டம்.

இப்போது இறக்க வேண்டும். மெல்ல அடித்துப் பார்த்தேன். சத்தம் முழுசாக வந்தது. இன்னும் மெல்ல அடித்தேன். சத்தமே வரவில்லை, அவள் கால் பிசகியது. பயந்து மறுபடி ஓங்கி அடித்தேன். நான்தானே அப்படி மாற்றி வைத்தது! சத்தத்தைக் குறைக்கிற மைக்செட்காரர் அந்தப் பக்கம் ஏழுமலையை அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பேடைப் பழையபடி மாற்றவேண்டும் என்றால் வாசிப்பை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் அடுப்பு.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். அதுவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தால் பயம்தான் வரும். காலைப் பார்த்தால் கணக்குத் தெரிந்தது. என் கனத்த அடிக்கு அவளுடைய வலது குதிகால் தரையில் இறங்குகிறது. நடுவில் வரும் வெட்டு அடிகளுக்கு உடம்பு துள்ளுகிறது. சத்தத்தைக் குறைக்க முடியாது, சரி. சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தைக் கூட்டலாம் அல்லவா?

வெட்டு அடியில் ஒன்றை விட்டேன். துள்ளல் கொஞ்சம் தணிந்தது. இன்னொன்றை விட்டேன். அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்து விட்டபோது அவள் உடம்பு வெட்டி இழுத்தது. உடனே ஒன்றைத் திருப்பிப் போட்டேன். கொடுப்பதும் எடுப்பதுமாகப் போனது. பாடுகிற பெண் உதவி செய்யும் எண்ணத்தில் மைக்கை எடுத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். வெட்டு அடி எல்லாம் தீர்ந்தது. கனத்த அடி மட்டும் மிஞ்சியது. அதற்கும் நடுவே மூச்சு விட இடம் கொடுத்தேன். அவள் சுற்றவில்லை, நின்ற இடத்திலேயே கால் மாற்றி வைத்தாள்.

பூசாரி கரகத்தை இறக்கி வைத்துவிட்டுத் தட்டில் திருநீறும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இப்பவா?"

எத்தனையோ வருஷமாகச் சாமி இறக்குகிறவர் என்னைக் கேட்கிறார்! இன்னும் இல்லை என்று தலையசைத்தேன். குதிகால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொன்று. குதிகால் தரையிலேயே நின்றது. தலையசைத்தேன். பூசாரி திருநீற்றை அள்ளி நெற்றியில் அழுத்தினார். அவள் மாமியாரின் தோளில் அப்படியே சாய்ந்தாள். அடிக்கத் தூக்கிய குச்சியை நான் இறக்கவே இல்லை.

ஏழுமலையின் ஆட்டோவிலேயே அவளைப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது யாரோ, "புள்ள அசையுதா பாரு, கைய வெச்சுப் பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. பதில் கேட்கவில்லை, ஆட்டோ போய்விட்டது.

தர்மகர்த்தா வந்தார். "ஆரம்பிங்க, ஜனம் ஒக்காந்திருக்குது." ஆரம்பித்தோம். என்ன பாட்டு வாசித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கை வாசித்தது. டவுன் பக்கமிருந்து ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் எழுந்து பார்த்தேன். "ஒக்காருய்யா, தாளம் தப்புது" என்று மாஸ்டர் அதட்டினார். கிரிவலத்துக்கு முன்னதாகக் கிளம்பியவர்கள் பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் அண்ணாமலையாரைக் கூப்பிட, நானும் உள்ளுக்குள்ளே, 'அப்பா, அந்தப் பிள்ளை' என்று மட்டும் கூப்பிட்டேன். முழு வாக்கியமாக வரவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரம், மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஏழுமலை வந்தான். மேடைக்குக் கீழே நின்றான். சட்டைப் பொத்தான் பிய்ந்திருந்தது.

"அசையுதாம்" என்றான். "நல்லா அசையுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. தோள்லதான் அடி."

மைக்செட்காரர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். அவன் அவரிடம் போய், "மாமா, மூஞ்சில கீறிட்டேனா?" என்று கேட்டான். "கீறுனது போவட்டும், வாட்ச ஒடச்சுட்டியேடா" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். நான் அப்போதுதான் பேடை உறையில் போட்டு மூடினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். கதை ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. டவுனில் அது ஒரு மாதிரி வளர்ந்தது. "அவரு பேடு அடிச்சா சாமி கட்டாயம் வரும், அவரே எறக்கியும் உடுவாரு" என்று சொல்லி என்னைக் கூப்பிட வந்தார்கள். சாமி வரவைக்க வாசிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த ஆடியில் வேறு ஊருக்குப் போய், கூழ் வரிசைக்கு ஓடாமல், பம்பைக்காரர்கள் மலையேற்றும் அடியைக் கடைசி வரை நின்று கேட்டேன். அவர்கள் கனத்த அடியை முதலில் எடுத்துவிட்டு, மெல்லிய அடியில் மெதுவாக இறக்குகிறார்கள். நான் செய்தது அதற்குத் தலைகீழ். அப்படியும் அவள் இறங்கினாள். எப்படி இறங்கினாள்? என் கையாலா, பூசாரியின் திருநீற்றாலா, அம்மனே பார்த்துப் பாவம் என்று போனாளா? எனக்குத் தெரியாது. இரவில் படுத்தால் இன்றைக்கும் புரண்டு படுக்கிறேன். அதனால் நான் செய்ததைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். அந்தப் பெண்ணின் காலுக்கு அன்றைக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். பேடைப் பழையபடி மாற்றி வைத்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெல்லப் பட்டால் மெல்லப் பேசட்டும். எப்போதாவது தானாகச் சத்தம் போட்டு என் மானத்தை வாங்கினாலும் பரவாயில்லை.

அடி அண்ணாமலையில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. அது எனக்குச் செல்வி சொல்லித்தான் தெரியும்.

பெண் குழந்தை பிறந்து, தலை நின்ற பிறகு, ஒரு நாள் மாமியாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். செல்வி உட்காரவில்லை.

"ண்ணா, உங்கள ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"கொழாயடியில என்னிய 'பெட்டிக்கு ஆடுனவ'ன்னு சொல்றாங்க. மிஷின் சத்தத்துக்கு எங்கியாவது சாமி வருமா, மாமியா வூட்டு வேலைக்குப் பயந்து நடிச்சான்னு சொல்றாங்க. எனக்கு எதுவும் நெனவில்ல. நாற்காலியில ஒக்காந்தது தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரி பெட்டு. நடுவுல நான் இன்னா பண்ணேன்னு எனக்கே தெரியாது. நீங்கதான் மேலருந்து முழுசா பாத்தீங்க. நான் நடிச்சனா?"

மாமியார் வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தையாக நாலு சொல்லி அனுப்பலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. அம்மனே வந்தாள், நீ புண்ணியவதி என்று சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

"செல்வி, உன் மேல யார் வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் பாத்தது உன் காலத்தான். நான் வேணும்னே அடிய உட்டேன், எப்ப உடுவேன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த நொடியே உன் காலும் கூடவே மாறுச்சு. நடிக்கறவங்களுக்குத் தெரிஞ்ச தாளத்துக்குத்தான் ஆட முடியும். நீ நடிக்கல."

செல்வி குழந்தையை என் வீட்டுக்காரியிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இத எங்க ஊருல வந்து சொல்லுவீங்களா ண்ணா?"

"சொல்றேம்மா" என்றேன்.

சொல்லப் போனேன். தர்மகர்த்தாவிடமும் டீக்கடையிலும் சொன்னேன். நான் சொன்னது நாலு வாய் மாறி, "அம்மன் வந்தான்னு வாத்தியாரே சொல்லிட்டாரு" என்று ஆகிவிட்டது. மறுபடியும் போய், "நான் அப்டிச் சொல்லல" என்றேன். அது, "வாத்தியாரே இல்லன்னுட்டாரு" என்று ஆனது. அதற்கப்புறம்தான் வாயை மூடினேன். இத்தனை வருஷம் மூடியே இருந்தேன்.

இப்போது எழுதிவிட்டேன். எழுத்து வாய் மாறாது என்று நம்பி எழுதினேன். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடிக்கும்போது நீங்கள் இதை ஒருவருக்கொருவர் சொல்வீர்கள். சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைக் கெட்டிக்காரனாக்க வேண்டாம், மலையேற்றும் அடி எனக்குத் தெரிந்திருந்ததாகச் சொல்ல வேண்டாம். அம்மன் வந்தாள் என்றோ வரவில்லை என்றோ நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். செல்வியின் பேர் வரும் இடத்தில் மட்டும் நின்று, நான் அவளுக்குச் சொன்ன வார்த்தையை எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்லுங்கள். அவள் நடிக்கவில்லை.